மாதவிடாய் வலிக்கு மேஸ்திரியின் மாத்திரைதானா மருந்து?

(பெண் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி, பிராவிடண்டு பண்டு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நமது மேடைகளில் அபூர்வமாகவே பேசப்படுவது. பெண்கள் மட்டும் கூடியிருக்கும் இடத்திலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிற விஷயம். மாதா மாதம் வருகிற வயிற்று வலியைத்தான் சொல்லுகிறோம். 'தூரம்' என்றும் 'வீட்டுக்கு விலக்கு' என்றும் 'தீட்டு' என்றும் இதற்கு ஊர் வழக்கில் பல பெயர்கள். நாம் மாதவிடாய் என்றே சொல்லுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இது வீட்டு விஷயமாயிற்றே, தொழிலாளர் கூட்டத்தில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டுகிறோம். 2019 ஜூன் மாதத்தில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனம், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களை விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னதும் வேலை ஸ்தலத்திலேயே பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரை கொடுக்கப்பட்டதாக அவர்கள் அத்தனை பேரும் கூறினார்கள். என்ன மாத்திரை, எத்தனை சாப்பிடலாம், என்ன கெடுதல் வரும் என்று சொன்னவர் யாருமில்லை. கொடுத்தவர் பெரும்பாலும் டாக்டருமல்ல, நர்சுமல்ல. விசாரிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். மாத்திரைகளைச் சென்னை டாக்டர்களிடம் காட்டியபோது, அவை சாதாரணமாக வலிக்குக் கொடுக்கப்படுகிற ரகம்தான், ஆனால் முறையின்றித் தொடர்ந்து சாப்பிட்டால் தீங்கு செய்யும் என்றார்கள்.

அந்த மாத்திரை எதற்காகக் கொடுக்கப்பட்டது? அந்தப் பெண்ணின் வலி தீரவேண்டும் என்பதற்காகவா? மிஷின் நிற்கக் கூடாது என்பதற்காக! ஒரு பெண் அரை மணி நேரம் படுத்துவிட்டால் உற்பத்திக் கணக்கில் எத்தனை உருப்படி குறையும் என்பது மேஸ்திரிக்குத் தெரியும். ஆகவே இது தொழிலாளர் பிரச்னைதான், சகோதரிகளே. இதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மாத்திரையைக் கண்டித்துவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. வலி வலிதானே! அதற்கு வழி என்ன என்று கேட்பீர்கள். தேகப் பயிற்சி ஒரு நல்ல வழி என்பதையும், அதை யார் செய்யலாம், எப்படிச் செய்யலாம், அதற்கு நமக்கு எது குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்லவே வந்திருக்கிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுவோம். கர்ப்பப்பை என்பது தசையாலான ஒரு பை. மாதந்தோறும் அதன் உள்ளே ஒரு மெல்லிய படலம் வளருகிறது. கரு தங்காவிட்டால் அது கழன்று ரத்தத்தோடு வெளியேறுகிறது. அதை வெளியே தள்ளுவதற்குக் கர்ப்பப்பை சுருங்கி விரிய வேண்டும். சுருக்கத்தைத் தூண்டுகிற ஒரு ரசாயனப் பொருள் அந்தப் படலத்திலேயே உண்டாகிறது. 1957-ல் இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்ற விஞ்ஞானி, மாதவிடாய் ரத்தத்தில் தசையைச் சுருங்கச் செய்யும் பொருள் இருப்பதைக் கண்டு எழுதினார். பிராஸ்டகிளாண்டின் என்ற இனத்தைச் சேர்ந்தது அது. இந்த இனத்தை ஆராய்ந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பொருள் அதிகமாகச் சுரக்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பை பலமாக இறுகுகிறது. இறுகும்போது அதற்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. காலில் குரக்கு வலி இழுக்கும்போது எப்படித் துடிக்கிறோம்? அதுபோன்றதுதான் இதுவும். இடுப்பு, தொடை வரை வலி பரவுவதும், சிலருக்கு வாந்தி, பேதி, தலைவலி வருவதும் இதனால்தான்.

வயதுக்கு வந்து ஓரிரு ஆண்டுகளில் இந்த வலி ஆரம்பிக்கிறது. ரத்தம் பட்டதும் தொடங்கி ஒரு நாளோ, இரண்டு நாளோ, மூன்று நாளோ இருக்கும். பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள யுவதிகளுக்கே இது அதிகம். ஆலை விடுதிகளில் நிரப்பி வைக்கப்படுகிறவர்கள் யார்? இதே வயதுப் பெண்கள்தான். 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலமான பெயரைச் சூட்டி, மூன்று ஆண்டு உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசைகாட்டி நூற்பாலைகள் ஆள் சேர்த்ததை நாம் மறந்துவிடவில்லை.

ஆக, இது சாபமல்ல, தோஷமல்ல. அந்தப் பெண் சோம்பேறி என்பதற்கும் அடையாளமல்ல. 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று பாட்டிமார்கள் சொல்லுவது ஆறுதலுக்கு உதவலாம். இருபது வயதுப் பெண்ணுக்கு நாளைக் காலை ஆறு மணி ஷிப்டுக்கு உதவாது.

படுத்துக் கிடக்க வேண்டுமா, நடமாட வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1873-ல் அமெரிக்காவில் எட்வர்ட் கிளார்க் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் ஆண்களைப்போல் இடைவிடாமல் படித்தால் மாதவிடாய் கெட்டு, கர்ப்பப்பை பலவீனப்பட்டுப்போகும் என்பது அவருடைய வாதம். பெண்ணை வீட்டுக்குள் வைத்திருக்க விரும்பியவர்களுக்கு அந்தப் புத்தகம் கரும்பாக இனித்தது. இதற்குப் பதில் சொன்னவர் மேரி புட்னம் ஜகோபி என்ற பெண் டாக்டர். பெண்களுக்கு அச்சடித்த கேள்வித்தாள்களை அனுப்பி, 268 பேரிடமிருந்து பதில் வாங்கி, நாடித் துடிப்பையும் தசை பலத்தையும் அளந்து பார்த்து, நல்ல ஆகாரமும் ஆரோக்கியமும் உள்ள பெண்ணுக்கு மாதவிடாயின்போது ஓய்வு கட்டாயம் என்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1876-ல் அந்தக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1945-ல்தான்!

'நல்ல ஆகாரம்' என்ற அந்த நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். அதற்குத் திரும்பி வருவோம்.

அவருக்குப் பின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் கிளீலியா மோஷர் வந்தார். பெண்கள் மார்பால்தான் மூச்சு விடுகிறார்கள், அது அவர்கள் பிறவி அமைப்பு என்று அக்காலத்தில் பாடப் புத்தகங்கள் சொல்லின. மோஷர் சோதித்துப் பார்த்தார். பிறவி அமைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்பை இறுக்கிக் கட்டிய உடைதான் வயிற்றை அசையவிடாமல் செய்கிறது என்று நிரூபித்தார். உடையைத் தளர்த்தி, வயிற்றால் மூச்சு விடப் பழக்கினால் மாதவிடாய் வலி குறைகிறது என்று கண்டு, மாணவிகளுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். 1943-ல் பில்லிக் என்ற டாக்டர், நிற்கும் நிலை கோணுவதால்தான் வலி வருகிறது என்று கூறிச் சுவரோரம் நின்று செய்யும் ஒரு பயிற்சியைக் கொடுத்தார். அவர் சொன்ன காரணம் பிற்பாடு நிலைக்கவில்லை, பயிற்சி நிலைத்தது. 1950-களிலும் 60-களிலும் பிலடெல்பியா நகரத்தில் டாக்டர் கோலப் என்பவரும் அவர் சகாக்களும் பள்ளிச் சிறுமிகளுக்கு, குனிந்து திரும்பிச் செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து மூன்று ஆண்டு கவனித்தார்கள்.

இப்போது அண்மைக்கு வருவோம். காக்ரேன் என்பது மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் ஒரு சர்வதேச அமைப்பு. 2019-ல் அது, மாதவிடாய் வலிக்குத் தேகப் பயிற்சி உதவுமா என்று பல நாடுகளில் நடந்த 12 சோதனைகளை ஆராய்ந்தது. அவற்றில் சேர்ந்திருந்த பெண்கள் 854 பேர். பெரும்பாலோர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். வலியை 100 பங்கு கொண்ட அளவுகோலில் குறித்தால், பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 25 பங்கு குறைந்திருந்தது. செய்தது எவ்வளவு? வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஓடியாடிச் செய்தாலும் பலன் உண்டு, மெதுவாக நீட்டி மடக்கிச் செய்தாலும் பலன் உண்டு. இன்ன பயிற்சிதான் என்ற கட்டாயமில்லை. விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மிகைப்படுத்திச் சொல்லுவது நம் வேலையல்ல. சான்றுகள் இன்னும் பலமாக இருக்க வேண்டும் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். பல சோதனைகள் சிறியவை. பயிற்சி செய்கிறவருக்குத் தாம் செய்கிறோம் என்று தெரியுமாகையால், மனமே கொஞ்சம் வலியைக் குறைத்துக்காட்டவும் கூடும். ஆயினும் காசு செலவில்லை, குடலைப் புண்ணாக்குவதில்லை. டாக்டர்கள் சொல்லும் விளக்கமும் அறிவுக்குப் பொருந்துகிறது: அசைவினால் இடுப்புப் பகுதியில் ரத்தம் நன்றாக ஓடுகிறது, வலியைத் தணிக்கும் பொருள்கள் உடம்பிலேயே சுரக்கின்றன, மனத்தின் இறுக்கமும் பயமும் குறைகின்றன.

செய்யும் விதம்

மோஷரின் மூச்சுப் பயிற்சியை முதலில் சொல்லுகிறோம். பாயில் மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். பாவாடை நாடாவைத் தளர்த்துங்கள். (அந்த நாடா நம் இடுப்பில் கறுத்த தடமே போட்டிருக்கிறதல்லவா? அமெரிக்கப் பெண்களின் இறுக்கு உடையைக் கண்டு நாம் சிரிக்க நியாயமில்லை.) ஒரு கையை அடிவயிற்றின் மேல் அழுத்தாமல் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது கை மேலே எழும்ப வேண்டும். விடும்போது வயிறு நன்றாக ஒட்ட வேண்டும். மார்பு அசையக் கூடாது. பத்து முறை, காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. வலி வந்த நாளிலும் இதைச் செய்யலாம். முழுகாத, குளிக்காத தீட்டு நாள் என்று யாராவது சொன்னால், மூச்சு விடுவதற்கு எந்த நாளும் தீட்டில்லை என்று சொல்லுங்கள்.

அடுத்தது பில்லிக்கின் சுவர்ப் பயிற்சி. சுவருக்குப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி, பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். சுவர்ப்பக்கக் கையைத் தோள் உயரத்தில் மடக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை சுவரில் படிய வையுங்கள். மற்றக் கையை இடுப்பில் வைத்து, முழங்கால் மடங்காமல் இடுப்பைச் சுவரை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். இடுப்பின் பக்கத்தில் இழுப்பது தெரியும். பக்கத்துக்கு மூன்று முறை போதும். நாளில் மூன்று வேளை. விடுதி அறையில் எட்டுப் பேர் படுத்திருந்தாலும் ஒரு சுவராவது இருக்கும்!

கோலப்பின் பயிற்சிக்குச் சற்று இடம் வேண்டும். கால்களை அகற்றி நின்று, இரு கைகளையும் தோள் உயரத்தில் விரித்துக்கொள்ளுங்கள். இடுப்பைத் திருப்பிக் குனிந்து, வலது கை இடது பாதத்தைத் தொடட்டும். நிமிர்ந்து, இடது கை வலது பாதத்தைத் தொடட்டும். தொட முடியாவிட்டால் கணுக்காலோடு நிறுத்துங்கள். நாற்று நடுகிற பெண்களுக்கு இது விளையாட்டு. தையல் மிஷினில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு முதல் வாரம் முதுகு இழுக்கும்.

பிறகு ஆசனங்கள். ஈரான் நாட்டில் 92 மாணவிகளைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மூன்றே ஆசனங்கள் கற்பிக்கப்பட்டன: பாம்பைப்போல் மார்பைத் தூக்கும் புஜங்காசனம், பூனையைப்போல் முதுகை வளைப்பது, மீனைப்போல் மல்லாந்து நெஞ்சை உயர்த்தும் மத்ஸ்யாசனம். செய்தவர்களுக்கு வலியின் கடுமையும் குறைந்தது, வலித்த நேரமும் குறைந்தது. யோகாசனம் என்றதும் காவியையும் கமண்டலத்தையும் நினைத்து நம் தோழியர் சிலர் முகத்தைச் சுளிப்பதுண்டு. ஈரானிய முஸ்லிம் மாணவிகள் செய்து பலன் கண்டதை நாம் ஏன் விட்டுவிட வேண்டும்? இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. முதுகெலும்பை வளைத்து நிமிர்த்துவதில்தான் பலன் இருக்கிறது.

இவை தவிர, வேர்க்க வேர்க்க எதையாவது செய்யவேண்டும். வேக நடை, சைக்கிள், கயிறு தாண்டுதல், வளையப் பந்து எதுவாயினும் சரி. நம்முடைய கும்மியும் கோலாட்டமும் இந்த இனந்தானே? குனிந்து, கை தட்டி, சுற்றி வந்து அரை மணி நேரம் கும்மியடித்துப் பாருங்கள். எந்த டிரில் மாஸ்டரும் இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் துள்ளி விளையாடிய பெண்ணை, வயதுக்கு வந்ததும் 'இனி குதிக்காதே' என்று மூலையில் உட்காரவைக்கிறோம். எந்த வயதில் வலி தொடங்குகிறதோ அதே வயதில் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம்.

வலி வந்த அன்று ஓடிக் குதிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முடிந்தவர்கள் செய்யலாம், கெடுதலில்லை. முடியாதவர்கள் மெதுவாக நடந்து, மூச்சுப் பயிற்சி செய்து, அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டால் போதும். ஒத்தடத்தை அற்பமாக எண்ண வேண்டாம். அது வலி மாத்திரைக்கு நிகராக வேலை செய்ததை 2001-ல் வெளியான ஒரு சோதனை காட்டியிருக்கிறது. பயிற்சியின் பலன் அந்த ஒரு நாளில் இல்லை. மற்ற நாட்களில் செய்ததன் பலன் இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே தெரியும்.

வேலையே தேகப் பயிற்சியாகுமா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வருமென்று நமக்குத் தெரியும். "ஸ்பின்னிங்கில் சைடர் வேலை பார்க்கிறவள் எட்டு மணி நேரமும் மிஷினைச் சுற்றி நடக்கிறாள். இதற்கு மேல் அவளுக்கு என்ன தேகப் பயிற்சி வேண்டிக்கிடக்கிறது?" நியாயமான கேள்வி. மானேஜர்களும் இதைக் கேட்பதுண்டு. ஆனால் அவர்கள் கேட்பதன் நோக்கம் வேறு.

டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டு கவனித்த ஒரு ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. அது இருதய நோயைப் பற்றியது. ஆயினும் நம் கேள்விக்கு வெளிச்சம் தருகிறது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு நோய் குறைந்தது. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கோ நோய் அதிகரித்தது! அதே கை, அதே கால், அதே அசைவு. பலன் ஏன் நேர்மாறு? வேலையில் அசைவை நிர்ணயிப்பது மிஷின். களைத்தால் நிறுத்த முடியாது. ஒரே தசை ஆயிரம் தடவை இழுக்கப்படுகிறது, மற்றவை மரத்துக் கிடக்கின்றன. பஞ்சுத் தூசியில் ஆழ்ந்து மூச்சு விடவும் முடியாது. மூத்திரம் பெய்யப் போவதற்கே கணக்குப் பார்க்கிற இடத்தில், அடிவயிற்றைத் தளர்த்துவது எங்கே? தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழுந்துபோக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனை பேர் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்!

உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சிக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: நேரம், இடம், வயிற்றில் சோறு.

சோற்றை முதலில் சொல்லுகிறோம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை உள்ள பெண்ணைப் பார்த்து 'வாரம் மூன்று நாள் ஓடு' என்று மட்டும் சொல்லுவது பரிகாசம். மேரி ஜகோபி 1876-லேயே 'நல்ல ஆகாரம்' என்று நிபந்தனை போட்டது இதனால்தான். விடுதிச் சாப்பாட்டில் கீரையும் பயறும் முட்டையும் கேட்பது நாக்கு ருசிக்காக அல்ல.

நேரமும் இடமும் எப்படி? நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதியும், 150 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலையில் ஓய்வு அறையும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. எத்தனை ஆலைகளில் அந்த ஓய்வு அறை பழைய அட்டைப் பெட்டிகளுக்கு ஓய்வு கொடுத்தது என்பது நமக்குத் தெரியும். சட்டங்களைத் தொகுப்பதாகச் சொல்லிப் பெயரையும் பிரிவு எண்ணையும் மாற்றுகிறார்கள். எந்தச் சட்டத்தின் பேரிலானாலும் பெண்களுக்குக் காற்றோட்டமுள்ள ஒரு தனி அறை வேண்டும். அதில் நாலு பாய், வெந்நீருக்கு வழி, உள்ளே தாழ்ப்பாள். பெரிய முதலீடு ஒன்றுமில்லை. ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே கால் வீங்கிய பெண்களுக்கு உட்காரும் உரிமை எப்படி வந்தது? கேரளத்தில் கடைப் பெண்கள் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாட்டிலும் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி கேட்டு வாங்கியவர்கள் பாயும் கேட்டு வாங்கலாம்.

லீவு கேட்கக் கூடாதா?

நிச்சயமாகக் கேட்கலாம்! பயிற்சியைப் பற்றிப் பேசுவதால் லீவுக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டோம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ஜப்பானில் 1947-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே மாதவிடாய் லீவு இடம்பெற்றது. ஆனால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதை அந்தச் சட்டம் முதலாளியிடம் விட்டுவிட்டது. ஆகவே லீவு எடுக்கிறவர்கள் மிகச் சிலரே. பீகாரில் சர்க்கார் ஊழியப் பெண்களுக்கு 1992-ல் மாதம் இரண்டு நாள் விசேஷ லீவு கிடைத்தது. அவர்கள் போராடிப் பெற்றது அது. கேரளத்தில் 2023-ல் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப் பதிவில் சலுகை தரப்பட்டது. மில் பெண்ணுக்கு வலி மாணவியின் வலியைவிடக் குறைவா?

லீவு கொடுத்தால் பெண்களை வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். பிரசவ லீவுக்கும் இதே பயத்தைக் காட்டியவர்கள்தான் இவர்கள்.

வேறொரு அபாயத்தையும் நாம் கவனிக்க வேண்டும். நாளைக்கே ஒரு மானேஜ்மென்ட் இந்தப் பயிற்சிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, "பயிற்சி சொல்லிக்கொடுத்தாயிற்று, இனி வலி என்று யாரும் வரக் கூடாது" என்று சொல்லக்கூடும். மாத்திரைக்குப் பதிலாகப் பயிற்சியையே மிஷின் நிற்காமலிருக்கும் உபாயமாக்கிவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பயிற்சி வேலை நேரத்துக்கு முன்னோ பின்னோ திணிக்கப்படுவதல்ல. வேலை நேரத்திலிருந்து கழிக்கப்பட வேண்டியது. நூறு பேரில் சிலருக்கு எவ்வளவு பயிற்சி செய்தாலும் வலி குறையாது. அவர்களைச் 'செய்யாத சோம்பேறிகள்' என்று சொல்ல நம்மில் யாரும் துணியக் கூடாது.

மாத்திரையே விஷம் என்றும் நாம் சொல்லவில்லை. டாக்டர் பார்த்து, பெயர் தெரிந்து, சாப்பிட்ட வயிற்றில், சொன்ன அளவில் எடுத்துக்கொண்டால் வலி மாத்திரை நல்ல மருந்து. பிராஸ்டகிளாண்டினைக் குறைப்பதுதான் அதன் வேலை. காலைப் பட்டினியோடு மேஸ்திரி கையிலிருந்து வாங்கி மாதா மாதம் விழுங்குவதால்தான் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வருகின்றன. இனி யாராவது கொடுத்தால், அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பெயரைப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எந்த வலிக்குப் பயிற்சி போதாது, டாக்டரிடம் போயே தீரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வலி மாதத்துக்கு மாதம் அதிகரித்துக்கொண்டே போனால். ரத்தப் போக்கு நின்ற பிறகும் வலி நீடித்தால். இடையில் மற்ற நாட்களிலும் அடிவயிறு வலித்தால். இதுவரை வலியில்லாதிருந்து இருபத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக வந்தால். துணி ஒரு மணி நேரத்தில் நனைந்து போகுமளவு போக்கு இருந்தால். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால். மலம் கழிக்கும்போதோ தாம்பத்தியத்திலோ கடும் வலி இருந்தால். கர்ப்பப்பைப் படலம் போன்ற திசு வெளியே வேறிடத்தில் வளருகிற எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், கட்டிகள், கிருமித் தொற்று இவையெல்லாம் இப்படித்தான் தலைகாட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமாயிருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள். ஒருவர் துணைக்கு வருவார்.

கூட்டம் முடிந்ததும், விரும்புகிறவர்கள் இங்கேயே இருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுப் பயிற்சியையும் சுவர்ப் பயிற்சியையும் செய்து காட்டுகிறோம். அடுத்த ஞாயிறு முதல் இந்தக் கட்டிடத்திலேயே மாலை ஐந்து மணிக்கு எல்லாப் பயிற்சிகளும் நடக்கும். ஷிப்டு மாறுகிறவர்களுக்காகப் புதன்கிழமை காலையிலும் ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். ஆளுக்கொரு பாய் கொண்டுவாருங்கள். சேலையைவிடச் சுரிதார் வசதி. ஒரு சிறு நோட்டில், வலி வந்த தேதியையும் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். மேஸ்திரி மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டுகளையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்ப்போம். நிர்வாகத்திடம் பேசப் போகும்போது அவற்றையே கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.